டிடிஎஸ் பார்த்துட்டு ஆரம்பிங்க: தூத்துக்குடி வீட்டுக்கு ஒரு இயற்கை க்ளீனிங், மாடித்தோட்டக் கணக்கு



வீட்டுச் செலவைக் குறைக்கணும்னு உட்கார்ந்தா முதல்ல கண்ணுல படுறது பால், காஸ், கரண்ட் பில். பாத்ரூம் அலமாரி யார் கண்ணுலயும் படாது. இன்னைக்கு அதைத் திறந்து பாட்டில்களை எண்ணுங்க. தரைக்கு ஒண்ணு, டாய்லெட்டுக்கு ஒண்ணு, டைல்ஸுக்கு ஒண்ணு, கண்ணாடிக்கு, கிச்சன் மேடைக்கு, துணிக்குப் பவுடர், அதுக்கு மேல வாசனைத் திரவம், கொசுவுக்குத் தனி. ஒவ்வொண்ணும் சின்ன பில்தான். மொத்தமாக் கூட்டினா ஒரு இன்சூரன்ஸ் பிரீமியம் வரும்.

இதுல வரியும் இருக்கு. 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி விகிதங்களைக் குறைச்சாங்க இல்லையா, அதுல குளிக்கிற சோப்புக்கட்டி, ஷாம்பு, டூத்பேஸ்ட் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கிச்சு. துணி துவைக்கிற டிடர்ஜென்ட் அந்த லிஸ்ட்ல வரல, 18 சதவீதத்துலயே நிக்குது. எம்ஆர்பி 200 ரூபாய்னு போட்ட டிடர்ஜென்ட் பாக்கெட்ல ஏறக்குறைய 30 ரூபாய் 50 காசு வரி. நம்ம ஊர் கல் உப்புக்கு வரி பூஜ்யம்.

உதாரணத்துக்கு மாசம் 900 ரூபாய் இந்தப் பொருட்களுக்குப் போகுதுன்னு வச்சுக்குவோம். அதைப் பாதியாக் குறைச்சா மாசம் 450 ரூபாய் மிச்சம். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி-ல 5 வருஷம் போட்டா, 6.7 சதவீத வட்டியில, கட்டின 27,000 ரூபாய் 32,100 ரூபாய் கிட்ட ஆகும். பெரிய பணக்காரர் ஆக மாட்டோம். ஆனா ஒரு பிள்ளையோட ஸ்கூல் ஃபீஸ்ல ஒரு தவணை வரும்.

இந்த 450 ரூபாயைக் காப்பாத்த வினிகர், பேக்கிங் சோடா, எலுமிச்சைத்தோல், பூந்திக்கொட்டைன்னு இணையம் முழுக்க வழி இருக்கு. கூடவே, துடைச்ச தண்ணியைச் செடிக்கு ஊத்துங்க, செலவே இல்லாம காய்கறின்னும் சொல்லுவாங்க. கோயம்புத்தூர்ல சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுக்கு அது சரி. தூத்துக்குடியில அப்படியே செஞ்சா ஆறு மாசத்துல செடி கருகும், டைல்ஸ் வெளுக்கும், காசும் போகும். இங்க எல்லாத்துக்கும் முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி: உங்க வீட்டுத் தண்ணியில உப்பு எவ்வளவு?

இது வேற டிடிஎஸ்

ஒரு ஆடிட்டர் டிடிஎஸ்-னு சொன்னதும் சம்பளத்துல பிடிக்கிற வரின்னு நினைச்சுடாதீங்க. இது தண்ணியில கரைஞ்சிருக்கிற எல்லா உப்புகளோட மொத்த அளவு. பேனா சைஸ்ல ஒரு மீட்டர், சில நூறு ரூபாய்தான். தண்ணியில நுனியை வச்சா நம்பர் காட்டும். அந்த நம்பர் ஒரு லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் உப்புன்னு அர்த்தம்.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு சொல்ற அளவு 500. வேற தண்ணியே இல்லைன்னா 2,000 வரை பொறுத்துக்கலாம்னு சொல்றாங்க. செடிகளுக்கு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்போட அளவுகோல் இருக்கு: 450-க்குக் கீழ இருந்தா கவலை வேண்டாம், 450-லிருந்து 2,000 வரை கவனமாப் பார்த்து ஊத்தணும், 2,000 தாண்டினா பெரும்பாலான செடிகளுக்கு அது தண்ணியே இல்லை.

நம்ம ஊர்ல போர் போட்டா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். குஜராத்துக்கு அடுத்தபடியா நாட்டுலயே அதிகமா உப்பு விளையிற இடம் இது. உப்பளங்கள்ல பாத்தி கட்டுறதுக்கு நிலத்தடி உவர்நீரைத்தான் போர் போட்டு எடுக்குறாங்க. அதே நிலத்துக்குப் பக்கத்துலதான் நம்ம வீட்டு போரும் இறங்கியிருக்கு. ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் கூட வித்தியாசம் இருக்கும். அதனால பக்கத்து வீட்டு நம்பரை நம்பாதீங்க, உங்க குழாயில நீங்களே பாருங்க.

நாலு இடத்துல அளந்து ஒரு நோட்டுல எழுதி வைங்க: மாநகராட்சி தர்ற தாமிரபரணித் தண்ணி, போர் தண்ணி, ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளியே போற கழிவுத் தண்ணி, ஏசி-ல சொட்டுற தண்ணி. இதுல ரெண்டு பேருக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கு. ஆர்ஓ கழிவுத் தண்ணியை வீணாக்காம செடிக்கு விடுறவங்க ஒருத்தர். இதைக் கணக்காப் பார்ப்போம். உள்ளே போற தண்ணி 3 லிட்டர், டிடிஎஸ் 1,000. மொத்த உப்பு 3,000 மில்லிகிராம். 1 லிட்டர் நல்ல தண்ணியா வந்துருது, அதுல உப்பு ரொம்பக் கம்மி. அப்ப மீதி 2 லிட்டர்ல கிட்டத்தட்ட அந்த 3,000-மும் உட்கார்ந்திருக்கும், அதாவது டிடிஎஸ் 1,500 பக்கம். இரட்டைப் பதிவுக் கணக்கு மாதிரிதான், ஒரு பக்கம் குறைஞ்சா இன்னொரு பக்கம் ஏறியே தீரும். அந்தத் தண்ணியைச் செடிக்கு விடாதீங்க. டாய்லெட்டுக்கு, வாசல் கழுவ வச்சுக்கலாம். வாசல் தண்ணி செடி வேருக்குப் போகாம மட்டும் பாருங்க.

இன்னொருத்தர் ஏசி தண்ணியை வெளியே விடுறவங்க. அது காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்து வர்ற தண்ணி. உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கடல்காத்து அடிக்கிற ஊர்ல அது ராத்திரி முழுக்க சொட்டும். அடியில ஒரு பக்கெட் வைங்க. குடிக்கக் கூடாது. ஆனா செடிக்கும் இன்வெர்டர் இருக்கிற வீட்டுக் கண்ணாடிக்கும் இதை விட நல்ல தண்ணி நம்ம ஊர்ல மழைக்காலத்துலதான் கிடைக்கும்.

சுத்தம்: எதுக்கு எது

குழாய்லயும் பாத்ரூம் டைல்ஸ்லயும் படியுற வெள்ளைக் கறையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை போச்சுன்னு எல்லார் வீட்டுலயும் புலம்பல். அந்தக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சோப்பு போட்டா போகாது, புளிப்புக்குத்தான் கரையும். வினிகரோ, சாறு பிழிஞ்ச எலுமிச்சை மூடியோ, ஊறவச்ச புளியோ போதும். பழைய துணியை நனைச்சு குழாயில சுத்தி அரை மணி நேரம் விட்டுட்டு, தேங்காய் நாரால தேய்ச்சுக் கழுவுங்க. கடையில விக்கிற ஆசிட் ரெண்டே நிமிஷத்துல இதைச் செய்யும், ஆனா டைல்ஸுக்கு இடையில இருக்கிற சிமென்ட்டையும் குழாயோட பளபளப்பையும் சேர்த்துத் தின்னுடும். குழாய் மாத்துற செலவை அந்த ஆசிட் பாட்டில் விலையோட கூட்டிப் பார்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகள்ல தரை மொசைக், மார்பிள், கடப்பாக்கல்லா இருக்கும். இதுல மார்பிளும் கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக் கல் வகை. மொசைக்லயும் மார்பிள் சில்லும் சிமென்ட்டும்தான் இருக்கு. கறையைக் கரைக்கிற புளிப்பு இந்தத் தரையையும் கரைக்கும். எலுமிச்சை, வினிகர், பயோ என்சைம் எதுவும் அங்க வேண்டாம். வெந்நீரும் ரெண்டு சொட்டு பாத்திர சோப்பும் போதும். சந்தேகமா இருந்தா மூலையில ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க, அந்த இடம் மங்கிப் போயிருந்தா விட்டுடுங்க.

வினிகரையும் பேக்கிங் சோடாவையும் சேர்த்து ஊத்தி நுரை பொங்குறதைக் காட்டுற வீடியோ எல்லாரும் பார்த்திருப்பீங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஒண்ணு அமிலம், இன்னொண்ணு காரம், சேர்ந்ததும் ரெண்டோட வேலையும் போயிடும். மிஞ்சுறது கொஞ்சம் உப்புக் கரைசலும் காத்தும்தான். ரெண்டு பொருள் வாங்கி ரெண்டையும் வீணாக்குறதுக்கு இது நல்ல வழி. எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடாவைத் தனியா, வெள்ளைக் கறைக்கு வினிகரைத் தனியா வச்சுக்கங்க. சோடா கழுவின தண்ணியில சோடியம் இருக்கும். அதுவும் செடிக்கு ஆகாது.

பூந்திக்கொட்டை நல்ல பொருள். கொட்டையை எடுத்துட்டுத் தோலை ராத்திரி ஊறவச்சு, காலையில கொதிக்க வச்சு வடிகட்டினா நுரைக்கும். பட்டுப்புடவை, பிள்ளைங்க துணி, வெள்ளிச் சாமான், தரை எல்லாத்துக்கும் ஆகும். டிடர்ஜென்ட் பவுடர்ல வாஷிங் சோடா இருக்கிறதால அந்தத் தண்ணியை நம்ம ஊர் மண்ணுல ஊத்தினா உப்பு மேல உப்பு. பூந்திக்கொட்டைத் தண்ணியில அந்தப் பிரச்சினை இல்லை. ஆனா மீன் இருக்கிற தொட்டியில, கிணத்துல ஊத்திடாதீங்க, அதுல இருக்கிற சப்போனின் மீனுக்கு விஷம்.

பயோ என்சைம் செய்றவங்களுக்கு ஒரு வார்த்தை. வெல்லம் 1 பங்கு, பழத்தோல் 3 பங்கு, தண்ணி 10 பங்கு, மூணு மாசம். மெல்லிய புளிப்புத் திரவம் கிடைக்கும், தரைக்கும் சிங்குக்கும் போதும். முதல் மாசம் காத்து நிறைய வரும், கண்ணாடி பாட்டில் வேண்டாம், தினமும் மூடியைத் தளர்த்தி விடுங்க. விலை குறைஞ்ச வெல்லம் போடுங்க. உடன்குடி கருப்பட்டியை இதுல போடாதீங்க, அது காபிக்கு!

சுவர் விஷயத்துல நம்ம கடற்கரைக்கே உரிய ஒண்ணு இருக்கு: சிப்பிச் சுண்ணாம்பு. சிப்பியை சூளையில சுட்டு, தண்ணி ஊத்தி நீத்து, சுவர்ல அடிச்சா அது காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் சிப்பி எதால ஆனதோ அதுவாவே இறுகிடும். காரத்தன்மை அதிகம், அதனால பூஞ்சை பிடிக்கிறது குறையும். கொல்லைப்புறச் சுவர், மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பெயின்ட்டை விட ரொம்ப சல்லிசு. ஏற்கெனவே எமல்ஷன் அடிச்ச சுவர்ல ஒட்டாது. அடிக்கும்போது கண்ணுல தெறிக்காமப் பார்த்துக்கங்க.

ஆனா இங்க "இயற்கை"ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். இந்தக் கடல்ல முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டினது அதுக்கப்புறமும் ரொம்ப காலம் நடந்துச்சு. மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுகள்ல பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ரெண்டும் இப்ப தண்ணிக்கு அடியில. பாறையை வெட்டினதுல அலையைத் தடுக்க ஒண்ணும் இல்லாமப் போனது அதுக்கு ஒரு காரணம். 2001-லிருந்து பவளப்பாறைக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைப் பாதுகாப்பு, அதாவது புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. சுண்ணாம்பு வாங்கும்போது எதுல இருந்து சுட்டதுன்னு கேளுங்க.

இயற்கைப் பொருள் போதாத இடம்

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடியில வீட்டுக்குள்ள வந்தது மழைத்தண்ணி மட்டுமில்ல, சாக்கடையும்தான். அந்த மாதிரி சமயத்துல வேப்பிலையும் மஞ்சளும் போதாது. சம்பைக் காலி பண்ணி, சேத்தைத் தேய்ச்சு எடுத்துட்டு, ப்ளீச்சிங் பவுடர்தான் போடணும். சேறு இருக்கும்போதே போட்டா அதோட சக்தி சேத்துலயே தீர்ந்துடும். முதல்ல சேறு, அப்புறம் ப்ளீச்சிங். வீட்டுல யாருக்காவது வயித்துப்போக்கு, மஞ்சள்காமாலைன்னா அப்பவும் டாய்லெட்டுக்கு இதுதான்.

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வரியை ஃப்ரிட்ஜ்ல ஒட்டுறதா இருந்தா இதை ஒட்டுங்க: ப்ளீச்சிங் பவுடரோட ஆசிட், வினிகர், எலுமிச்சை எதையும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும். ஜன்னல் சாத்தின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. ரெண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்னு நினைச்சு செய்றவங்க நிறைய பேர். அமோனியா இருக்கிற க்ளீனரும் இதோட சேரக் கூடாது. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கும் இதைச் சொல்லிடுங்க, மூடின பாத்ரூம்ல நின்னு தேய்க்கிறது பெரும்பாலும் அவங்கதான்.

இரும்புக் கிரில், கேட் இதுக்கும் இயற்கை வைத்தியம் கிடையாது. கடல்காத்து உப்பைக் கொண்டு வந்து வச்சுட்டுப் போகும், அந்த உப்பு ஈரத்தை இழுக்கும், துரு ஏறும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடைச்சாலே பாதி உப்பு போயிடும். மீதிக்கு ரெட் ஆக்சைடும் பெயின்ட்டும்தான். இதுல மிச்சம் பிடிக்காதீங்க.

மாடித்தோட்டம்: உப்புக்கு எதிரா ஒரு சின்னப் போர்

2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டினப்ப ஊரெல்லாம் தக்காளி நாத்து வாங்கினாங்க. செடி காய்க்கிறதுக்குள்ள விலை இறங்கிடுச்சு. தோட்டத்துல காசு மிச்சமாகணும்னா, கடையில கொஞ்சமா வாங்கி வாடிப்போய் வீணாகுற பொருளை வைங்க: கறிவேப்பிலை, கீரை, புதினா, பச்சைமிளகாய், ஓமவல்லி. முருங்கைக்கு இடம் இருந்தா தரையிலயே ஒண்ணு. சாத்தான்குளம் பக்கம் அது எந்த மண்ணுல நிக்குதுன்னு பார்த்தவங்களுக்கு அதைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணி கொஞ்சம் உப்புன்னா செடியைத் தண்ணிக்குத் தகுந்த மாதிரி தேர்ந்தெடுக்கணும். கொத்தவரை உப்பை நல்லாவே தாங்கும். தட்டைப்பயறு, பருப்புக்கீரை, பீட்ரூட் ஓரளவு தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம், எலுமிச்சை தாங்காது, அதுக்கு ஏசி தண்ணியோ தாமிரபரணித் தண்ணியோதான். கத்தரியும் தக்காளியும் நடுவுல.

தேங்காய் நார்க்கழிவுக் கட்டி வாங்குறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அலசாத நார்க்கழிவுலயே உப்பு நிறைய இருக்கும். கட்டியை நல்ல தண்ணியில ஊறவச்சு, பிழிஞ்ச தண்ணியில மீட்டரை வைங்க. நம்பர் எகிறினா மறுபடியும் அலசுங்க. ரெண்டு மூணு தடவையில இறங்கிடும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில மாடித்தோட்டத் தளைகள் கொடுத்திருக்காங்க, இப்ப இருக்கான்னு உங்க வட்டார தோட்டக்கலை அலுவலகத்துல கேட்டுட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

நம்ம வீடுகள்ல மீன் அலசின தண்ணியை ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் ஊத்துறது ஆச்சி காலத்துப் பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனா கல் உப்பு போட்டு அலசுற தண்ணியை ஊத்தாதீங்க. முதல்ல வெறும் தண்ணியில அலசி அதைச் செடிக்கு எடுத்துட்டு, உப்பு போட்டு அலசுறது அதுக்கப்புறம். கருவாடு ஊறவச்ச தண்ணி வேண்டவே வேண்டாம். உரக்குழியில ஊறுகாய், மிச்ச சாம்பார் போடுறதும் அப்படித்தான்.

பை மேல வெள்ளையாப் படிஞ்சா அது உப்பு. மாசம் ஒரு தடவை உப்பில்லாத தண்ணியை அடியில நல்லா வடியுற வரைக்கும் ஊத்துங்க. வடகிழக்குப் பருவமழை நாள்ல பைகளை மழையில நனைய விடுங்க, அந்த வேலையை மழையே இலவசமாச் செய்யும். முட்டைஓடு, சாம்பல், சுண்ணாம்பு எல்லாம் காரத்தன்மையைக் கூட்டும், நம்ம கடற்கரைத் தண்ணிக்கு ஏற்கெனவே அந்தக் குணம் உண்டு. அதனால கை நிறையப் போடாதீங்க.

பைக்கு அடியில வைக்கிற தட்டை வாரம் ஒரு தடவையாவது கவிழ்த்துக் காய விடணும். டெங்கு கொசு முட்டையில இருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு டெங்கு காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி பில் எவ்வளவுன்னு தெரிஞ்சவங்களுக்கு வேற கணக்கு வேண்டாம்.

எடையையும் பாருங்க. 20 லிட்டர் மண் நனைஞ்சா 30 கிலோவுக்கு மேல. அப்படி 30 பை வச்சா ஏறக்குறைய 1 டன். பழைய மாடின்னா என்ஜினியர்கிட்ட காட்டிட்டு, தூண், சுவர் மேல வர்ற ஓரத்துல வைங்க. கூரை ஒழுகினா அதைச் சரி பண்ற செலவு பத்து வருஷக் கீரைக் காசு. இரும்பு ஸ்டாண்டு வேண்டாம், ரெண்டு செங்கல் போதும்.

கடைசியா வரி

நாத்து, பயோ என்சைம் விக்கிறவங்களுக்கு மட்டும். நர்சரியில வளர்த்த நாத்து, கன்று வித்து வர்ற வருமானத்தை வருமான வரிச் சட்டம் விவசாய வருமானமாவே எடுத்துக்குது. பயோ என்சைம், பூந்திக்கொட்டை லிக்விட் வித்தா அது வியாபார வருமானம், ரிட்டர்ன்ல காட்டணும். ஜிஎஸ்டி பதிவுக்கு, பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு, தமிழ்நாட்டுல வருஷ விற்பனை 40 லட்சம் வரை விலக்கு இருக்கு. ஆனா ஒரே ஒரு பாட்டிலைக் கூரியர்ல பெங்களூருக்கு வித்தாலும் வெளிமாநில விற்பனை ஆயிடும், பதிவு கட்டாயம். ஆன்லைன் தளத்துல விக்கிறதுக்குத் தனி விதிகள் இருக்கு, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க.

மீட்டர் வாங்கினவங்க உங்க போர் தண்ணி நம்பரையும் ஏரியாவையும் எழுதி அனுப்புங்க. திரேஸ்புரத்துல இருந்து முத்தையாபுரம் வரைக்கும் எப்படி மாறுதுன்னு பார்த்துட்டு, எந்த ஏரியாவுக்கு எந்தச் செடின்னு அடுத்த வீடியோவுல பேசுறேன்.